புகை துடைத்த பூண்டு

செப்டம்பர் 17, புதன். பூம்பாறை

காலையிலிருந்து தூறல். மூட்டை கட்டும் வேலை. சென்னைக் கண்காட்சிக்கு எங்கள் மகளிர் குழு சார்பில் செல்வி அக்காவும் நானும். ஒரு மொத்த ஆர்டராவது பிடித்து வர வேண்டும். இல்லையென்றால் பதினெட்டு வீட்டுப் பூண்டுக்கும் வழக்கம்போல வியாபாரி வைத்ததே சட்டம்.

அடுப்புக்கு மேல் பரணில் புகை குடித்துக் கறுத்த பூண்டு. பட்டணத்தில் அழுக்கென்று நினைப்பார்கள் என்று, கொண்டுபோகும் இரண்டு மூட்டையையும் மேல்தோல் உரித்துத் துடைக்கச் சொன்னது நான்.

“புகையத் தொடச்சுட்டு என்னத்தக் காட்ட?” என்றார் அக்கா. ஆனாலும் உரித்தார். ஒரு பூண்டுக் கட்டை மட்டும் தொட விடவில்லை. தாம்பரத்தில் பிள்ளை பெற்றிருக்கும் தங்கச்சி மகளுக்காம்.

எடுக்க: தராசு, விரிப்பு, மாத்திரை, பாதி படித்த நாவல், ஸ்வெட்டர் (சென்னையில் எதற்கு?).

செப். 19, வெள்ளி. சென்னை

அரங்கம்! எங்கள் ஊரைத் தேரோடு உள்ளே வைத்துக் கூரை போடலாம். மணி என்னவென்றே சொல்லாத வெளிச்சம். ஏசியில் நடுக்கம். ஸ்வெட்டர், நல்லவேளை.

எதிர் ஸ்டால் ஊறுகாய்க்காரர்: “கொடைக்கானல்காரங்களுக்கே குளிருதா?”

அக்கா: “அங்க குளுந்தா அடுப்பு இருக்குங்க. இங்க என்ன இருக்கு?”

எங்கள் இடம் கழிவறைக்குப் போகும் வழி. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால், “மலைப்பூண்டா இது? எங்க தெருவுல விக்கிறதும் இப்படித்தான இருக்கு?” இதையே ஏழு பேர்.

அக்கா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

செப். 20, சனி

ஆர்டர் இல்லை. நாவல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. “தப்பு என்னோடதுதான்க்கா” என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும் புள்ள. வெரசா சாப்புடு, இட்லி ஆறிக் கெடக்கு.”

அப்புறம் பையிலிருந்த கறுத்த பூண்டுக் கட்டை எடுத்து ஸ்டால் கம்பியில் மாட்டினார். “பைக்குள்ள வேர்க்குது. காத்தாடட்டும்.” வரிசை முழுக்க எங்கள் வீட்டு அடுப்படி வாசம். எங்கே தீ என்று காவலாளி வந்து தேடினார். அன்றைய ஒரே சிரிப்பு.

செப். 21, ஞாயிறு

கடைசி நாள். மதியம் ஒரு அம்மா. பேறுகால லேகியம் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். நேராகப் போய்த் தொங்கிய கறுத்த பூண்டில் மூக்கை வைத்தார்.

“இது மாதிரிதாங்க தேடுறேன். மாசாமாசம் வேணும். ஒரு தடவ கிண்டிப் பாத்துட்டுச் சொல்றேன். இதக் குடுங்க.”

“இது தர முடியாதுங்க. எங்க புள்ளைக்கு வச்சிருக்கு.”

மேசைக்கடியில் அக்காவின் காலை மிதித்தேன். அவர் திருப்பி மிதித்தார்.

அந்த அம்மாவுக்குக் கோபமில்லை. “பெத்து எத்தனை நாளாச்சு?”

“பதினோரு நாளுங்க.”

“பால் பத்துதா?”

அவ்வளவுதான். இருவரும் பூண்டையே மறந்து பேச்சு. கடைசியில் அக்காவே கட்டைப் பிரித்துப் பாதியை நீட்டினார். “அங்கயும் புள்ளப் பெத்தவதான திங்கப் போறா.”

செப். 22, திங்கள். தாம்பரம்

வெயில். குழந்தை தூக்கம். மீதிப் பாதியை உரித்துக்கொண்டிருந்தோம். லேகியக்கார அம்மாவிடமிருந்து போன்: பக்குவம் நன்றாக வந்திருக்கிறது, அடுத்த மாதம் முதல் அனுப்பலாம். ஆனால் வெள்ளை வேண்டாம், துடைக்கவே கூடாது.

அக்காவிடம் சொன்னேன்.

“தொடைக்கக் கூடாதாமா? மறக்காம நோட்டுல எழுதி வச்சுக்க புள்ள.”

எழுதிவிட்டேன்.