அயன் அறையில் ஒரு லோ டி

ஆகஸ்ட் 4, திங்கள்

சதீஷ் திருடன். காலையிலிருந்து மழை.

பத்து மணி இருக்கும். பழைய துரை பங்களா, இப்போது ஹோட்டல். நான் பின்பக்கம் சலவை அறையில், கையில் ஈரப் படுக்கை விரிப்பு. சாப்பாட்டு மண்டபத்து ஸ்பீக்கரில் என் மவுத் ஆர்கன். பின்னால் யாரோ கிட்டார் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் மூச்சு என்னுடையது. இரண்டாவது சுற்றில் அம்மா இருமுவது கூட அப்படியே இருக்கிறது. வெட்டி எடுக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் போஸ்டர். சனிக்கிழமை மாலைத் தேநீர் விருந்து. ‘சதீஷ் – மலையக ப்ளூஸ் – நேரடி வாசிப்பு.’ படத்தில் அவன், எங்கள் தோட்ட லயத்து வீட்டு வாசலில், கையில் ஒரு மவுத் ஆர்கன். பிடித்திருப்பதே தலைகீழாக.

ஏப்ரலில் மைக்கோடு வந்தான். தலவாக்கலை துணிக்கடை முதலாளி மகன், எங்கள் வீட்டுக் குட்டி ஸ்டூலில். “சும்மா ஒரு டெஸ்ட்டு கௌரி.” அம்மா விளிம்பு உடையாத கப்பைத் தேடி எடுத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். நானும் அண்ணே அண்ணே என்று அரை மணி நேரம் வாசித்தேன்.

இனி அண்ணன் கிடையாது. இந்த நோட்டில் ச. மட்டும்.

சவர்க்காரம் தீர்ந்துவிட்டது. மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் கோயில் மேட்டுக்கு ஏறினேன். அங்கேதான் சிக்னல். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

“அது நா வாசிச்சது.”

“யாரு இல்லன்னு சொன்னா?”

“போஸ்டர்ல ஒங்க பேரு.”

“கௌரி, யோசிச்சுப் பாரு. துணி தொவைக்கிற புள்ள வாசிக்குதுன்னு போட்டா எவன் வந்து ஒக்காருவான்? என் பேருனால இன்னைக்கு நாலு வெள்ளக்காரன் கேக்குறான். சந்தோசப்படு.”

“சனிக்கெழம நேரடின்னு போட்டிருக்கே. எப்பிடி வாசிப்பீங்க?”

சிரித்தான். “அத நா பாத்துக்கிறேன். ஒனக்கு வேல இருக்குல்ல அங்க? வேலய பாரு.”

கடைசி வார்த்தை மிரட்டல். நன்றாகவே புரிந்தது. மேனேஜரும் அவனும் ஒரே பள்ளிக்கூடம்.

எப்படி வாசிப்பான் என்று எனக்குத் தெரியும். லேப்டாப்பில் என் பதிவை ஓடவிட்டு, மவுத் ஆர்கனை வாயில் வைத்து தோளை ஆட்டுவான்.

அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

விடிகாலைப் பயிற்சி நாசம். லோ டி, என் தணிந்த சுருதி மவுத் ஆர்கன். அதில் இரண்டாம் துளை, உள்ளிழுப்பு. ஊமை. திரும்ப இழுத்தேன், இன்னும் பலமாக. ஒரு முனகல், பிறகு ஒன்றுமில்லை.

தெரிந்த விஷயம்தான். அக்கா குவைத்திலிருந்து இதை அனுப்பிய முதல் மாதம் முழுக்க இதே தப்பு. லோ டி-யின் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் நீளம், சோம்பேறிகள். வேகமாக இழுத்தால் அடைத்துக்கொள்ளும். தாடையை இறக்கி, தொண்டையைத் திறந்து, கொட்டாவி விடுவது போல வயிற்றிலிருந்து மெதுவாக. அப்போதுதான் சத்தம் கனமாக வரும், அறை முழுக்க நிற்கும்.

நேற்றிலிருந்து எனக்குக் கொட்டாவியே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ப்ளூஸ் வாசிக்க முடியாது. அவன் அதையும் எடுத்துக்கொண்டான்.

அம்மா பெரட்டுக்கு, காலை ஆள் கணக்குக்கு, கிளம்பிக்கொண்டே, “என்னாடி, மாடு கத்துற மாதிரி இருக்கு.”

“மாடு இல்லம்மா. ப்ளூஸ்.”

“மாடுன்னா பாலாச்சும் கறக்கலாம்.”

பிறகு கொழுந்துக் கூடையை எடுத்தபடி, திரும்பாமல், “அந்தப் பய கிட்ட வம்பு வச்சிக்காத. ஒனக்கு வேல போச்சின்னா மருந்துக்கு எங்க போறது?”

அம்மா சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் ஆத்திரம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை விட்டது. மூட்டம் ஜன்னல் வரை.

அயன் அறையில், என்னோடு வேலை செய்யும் குசும் அக்காவிடம் எல்லாம் சொன்னேன். அவள் அயன் பெட்டியை வைத்துவிட்டு, கரி படிந்த சுவர்ப் பெட்டியைத் தலையால் காட்டினாள். மெயின் சுவிட்ச். துரை காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறதாம். மண்டபத்து விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இதிலிருந்துதான்.

“ஜெனரேட்டர்?”

“கையாலதான் போடணும் நங்கி. பத்து நிமிசம் போவும்.” அவளுக்கு நான் நங்கி, தங்கச்சி. பிறகு சிங்களத்தில், தான் எதையும் பார்க்கவில்லை என்று.

சனிக்கிழமைக்கு:
– இரண்டாவது சுற்று தொடங்கியதும் சுவிட்ச்
– பாட்டு நின்ற இடத்திலிருந்து நான்
– அயன் அறைக்கு எதிரே மண்டபக் கதவு திறந்திருக்க வேண்டும் (கு. அக்கா)
– லோ டி-யைச் சூடாக வைக்க வேண்டும்

கடைசிதான் முக்கியம். இந்தக் குளிரில் மூச்சு பட்டவுடன் உள்ளே தண்ணீர் கோத்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்வெட்டருக்குள்ளேயே இருக்கட்டும்.

நியாயம் கேட்கப் போவதில்லை. நியாயத்துக்கு இந்தத் தோட்டத்தில் எந்த ஆபீஸ் இருக்கிறது? எனக்கு வேண்டியது அவன் முகம். எல்லோர் முன்னாலும், வாயில் வைத்த பொருளோடு, சத்தமில்லாத அவன் முகம். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை நாலு மணி. மூட்டம். கப்பும் கரண்டியும் மண்டபத்தில். ச. கறுப்புக் கோட்டில். கைதட்டல், பிறகு ஸ்பீக்கரில் நான். என் முதல் சுற்று, அதற்கு அவன் தோளை ஆட்டிக்கொண்டு.

இரண்டாவது சுற்று. சுவிட்சை இழுத்தேன்.

அந்த அமைதி. சாகும்வரை மறக்க மாட்டேன்.

லோ டி-யை எடுத்தேன். குளிர். மேசைத் துணி மடிக்கும் அவசரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி ஜன்னலோரம் போட்டிருக்கிறேன், அதுவும் ஸ்வெட்டரோடு. இழுத்தேன். ஊமை. கு. அக்கா என் கையிலிருந்து பிடுங்கி, அப்போதுதான் அயன் பண்ணி அடுக்கிய விரிப்புகளுக்கு நடுவே செருகினாள். மேலே இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். எண்ணினேன். நாற்பது வரை. எண்ணும்போது மூச்சு தானாக இறங்கியது, வயிறு வரைக்கும்.

இரண்டாம் துளை. மெதுவாக. வந்தது. கனமாக, சுவரெல்லாம் அதிர, இதுவரை வராத மாதிரி. கண்ணை மூடவில்லை. கதவு வழியாக அவனையே பார்த்துக்கொண்டு முடிவு வரை வாசித்தேன். அவன் கையிலிருந்தது தாடைக்குக் கீழே இறங்கியது. வேண்டிய முகம் கிடைத்தது. அரை நிமிஷத்துக்கு.

பிறகு கைதட்டினார்கள். எழுந்து நின்று. மேனேஜர் சிரித்துக்கொண்டே, என்ன அழகான ஏற்பாடு என்று இங்கிலீஷில். வெளிச்சம் அணைந்து மறைவிலிருந்து இசை வருவதெல்லாம் நிகழ்ச்சியில் ஒரு பகுதியாம். ச.வும் பிடித்துக்கொண்டான். என் பக்கம் கையை நீட்டி, தன் மாணவி என்றான். மாணவி. இன்னும் கைதட்டல். என் பழிவாங்கலுக்கும் சேர்த்து அவனுக்கே.

ஈர ஏப்ரனோடு மண்டபத்துக்குள் போனேன். சலவைக்காரர்கள் அந்தக் கம்பளத்தில் மிதிக்கக் கூடாது. மிதித்தேன். மேனேஜர், “கௌரி, பின்னால போ,” என்றார். போகவில்லை.

அவன் முன்னால் நின்றேன்.

“கரண்டு போனா என்ன? இதுக்கு கரண்டு வேணாமே. வாசிங்க.”

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் விருந்தாளிகளைப் பார்த்தார். யாரோ கப்பைக் கீழே வைத்தார்கள். வெளியே ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள்.

“முழுப் பாட்டு வேணாம். ஒரே ஒரு இழுப்பு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

உதட்டை நனைத்துக்கொண்டான்.

“வாசி சதீஷ்.”