மூன்று நிமிடத்தில் அணைத்த ஊர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்காவும் சுகம். நீயும் சுகம் என்று ஞாயிறுதோறும் போனில் சொல்கிறாய், நம்புகிறோம், மேற்கொண்டு விசாரிப்பதற்குள் "சரிம்மா, வைக்கட்டுமா" என்றுவிடுகிறாய். போன வாரம் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம். தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் வெளியூர் அழைப்புகளை இணைத்து, மூன்றாவது நிமிடம் முடிந்ததும் அடுத்தவர் பேச்சில் குறுக்கிட்டு "நேரம் முடிஞ்சுது" என்று சொல்லிப் பழகியவளிடம் இதைவிட நேர்த்தியாக யாரும் பழி தீர்க்க முடியாது. தம்பி வேண்டுமென்று செய்யவில்லை என்கிறாள் உன் அக்கா. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. மாடியறையில் மழைத் தண்ணீர் ஒழுகுவது நின்றுவிட்டதால் பரணிலிருந்து உன் பழைய கணினியை இறக்கி அங்கே வைத்தேன். கணினி பழுதுபார்ப்பவர், உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுகிற மனிதர், திறந்து பார்த்துவிட்டு "ஹார்டு டிஸ்க் செத்துடுச்சும்மா, உள்ள இருந்தது எதுவும் வராது" என்றார். எப்போது செத்தது என்று அவர் கேட்கவில்லை. தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தபோது, ஒரு மத்தியானம். நீயும், அவரவர் வீட்டிலிருந்தபடியே உன் நண்பர்களும், இரண்டு வருடமாக அதற்குள் ஒரு விளையாட்டில் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தீர்கள். மூணு நிமிஷம்தான் என்றேன். "ஆறு பேர் உள்ள இருக்காங்கம்மா, சேமிச்சுட்டு நிறுத்திடறேன்" என்று கெஞ்சினாய். அறையில் உன்னைத் தவிர யாரும் இல்லை, நான் கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிறவள், மூன்றாவது நிமிடம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். நீ புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய், நல்ல மதிப்பெண் வாங்கினாய். பார்த்தாயா, நான் செய்ததே சரி என்று பதினான்கு வருடம் சொந்தக்காரர்களிடம் பெருமையடித்தேன். அந்த மதிப்பெண்தான் உன்னை அவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

போனதை மீட்க முடியாது என்றதும், அதே பெட்டியில் அந்த விளையாட்டுக்குப் புதிதாக ஒரு சர்வர், நீங்கள் எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே வந்து சேர ஒரு பொதுக் கணினி, அமைத்துத் தரச் சொன்னேன். நினைவகம் கூட்டினோம், இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று போனாலும் மற்றதில் நகல் இருக்கும், மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரி. வெளியிலிருந்து நீங்கள் உள்ளே வர ரூட்டரில் வழி திறந்துவிட அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. இதைத்தானே ஒரு காலத்தில் நான் சுவிட்ச் பலகையில் ஒரு கம்பியைச் செருகிச் செய்தேன் என்றேன், திருகாணியை விழுங்கிவிடுவார் போல் சிரித்தார். அப்பா, "இந்த வயசுல உனக்குப் பொம்மை வீடு கேக்குதாடி" என்கிறார். வெளியே கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைக்கிற அவருடைய பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. இந்த சுவிட்சின் மேல் 'அணைக்காதே' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். "இது எனக்கா" என்று முறைத்தார். இல்லை, எனக்கு என்றேன்.

அந்தப் புது ஊரில் இப்போது நான் ஒருத்திதான் குடியிருக்கிறேன். ஒரு வீடு கட்டினேன், கோணலாக வந்திருக்கிறது. கதவு வைக்கத் தெரியவில்லை, அதனால் ஒரு பக்கச் சுவரை எழுப்பாமலே விட்டிருக்கிறேன். முகவரியும் கடவுச்சொல்லும் தனித்தாளில் இருக்கின்றன. உன் நண்பர்கள் ஆறு பேருக்கும் சொல்லு. நீ வந்து என்னோடு பேச வேண்டும் என்றில்லை. உள்ளே யார் வந்தாலும் திரையில் பெயர் தெரிகிறது, அது போதும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பும் மனசும் நன்றாக இருந்து நீண்ட காலம் வாழ வேண்டும். எப்போது வந்தாலும் சரி, எவ்வளவு நேரம் இருந்தாலும் சரி, நான் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
பிளக்கின் பக்கமே போகாத
உன் அம்மா