பல் டாக்டரின் இணையதளத்துக்கு என்ன விலை?

மே 4, திங்கள்
பல் டாக்டர் காம்பெரோ சந்தையில் அம்மாவின் கிழங்குக் கடையில் உருளைக்கிழங்கு வாங்கும்போது, தன் மருத்துவமனைக்கு இணையதளம் செய்ய ஆள் தேடுவதாகச் சொன்னாராம். "எம் பொண்ணு செய்வாளே" என்று அம்மா சொல்லிவிட்டாள். செய்வேன்தான். பள்ளி நூலகத்துக்கு ஒன்று செய்தேனே. ஆனால் அதற்கு யாரும் என்னிடம் விலை கேட்கவில்லை.

மே 5
விலை சொல்வது எப்படி என்று மூன்று கட்டுரைகள் படித்தேன். மணிக்கு இவ்வளவு என்று வாங்கு என்கிறது ஒன்று. (அப்படியானால் மெதுவாகச் செய்தால் அதிகம் கிடைக்குமா?) மொத்தமாகப் பேசிவிடு என்கிறது இன்னொன்று. வாடிக்கையாளருக்கு அது எவ்வளவு பெறுமோ அதைக் கேள் என்கிறது மூன்றாவது. எனக்கு எப்படித் தெரியும்?

மே 7
இருநூறு பொலிவியானோ என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தரம் சொல்லு கண்ணு" என்றார். பயந்துபோய் நூற்றெண்பது என்றேன். உடனே சரி என்றார்.

மே 9, சனி
கறி வைத்துச் சுட்ட சல்தேன்யா விற்கும் கடையில் சுல்மா அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இணையதளம் செய்து கொடுத்துத்தான் பிழைக்கிறாள்.

"காம்பெரோவுக்கு நீதானா? நான் ஆயிரத்தெண்ணூறு சொல்லியிருந்தேன். 'பள்ளிக்கூடப் புள்ள நூத்தெம்பதுக்குப் பண்ணுது, நீ என்ன தங்கத்துலயா பண்றே'ன்னு கேக்குறாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சாப்பிடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் என்ன தப்பு செஞ்சேன்? கத்துக்குட்டின்னா கம்மியாத்தானே கேக்கணும்?

மே 10
ஒன்றும் புரியவில்லை.

மே 16, சனி
கடையில் அம்மாவுக்கு உதவி. எங்களுக்கு அடுத்து பெர்டா என்று ஒருத்தி புதிதாகக் கடை போட்டிருக்கிறாள். கூட்டமே இல்லை. ஆனாலும் எங்கள் விலையேதான் சொல்கிறாள். கொஞ்சம் குறைத்தால் என்ன என்று கேட்டேன். திருடச் சொன்னது போல என்னைப் பார்த்தாள்.

"நான் கொறச்சா நாளைக்கு உங்கம்மா கொறைக்கணும். நாளன்னிக்கு மறுபடி நான் கொறைக்கணும். அப்புறம் எதைத் திங்கிறது?"

பிறகு ஒரு அம்மாளுக்கு எடை போட்டுவிட்டுக் கொசுறாக நாலு கிழங்கு போட்டாள். அம்மா இரண்டுதான் போடுவாள். அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விலை கடை வரிசைக்கே பொது. கொசுறு அவரவர் இஷ்டம் போலிருக்கிறது. பிறந்ததிலிருந்து இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். எப்படிக் கவனிக்காமல் போனேன்?

ஆனால் கிழங்கு எல்லாம் ஒரே கிழங்கு. என் வேலையும் சுல்மா அக்காவின் வேலையும் ஒன்றா? அவள் விலையை நான் கேட்டால் அது ஏமாற்று இல்லையா?

மே 18
டாக்டரிடம் போய், தெரியாமல் விலை சொல்லிவிட்டேன், அந்த விலைக்குச் செய்ய முடியாது என்றேன். ஆயிரத்தெண்ணூறு கேட்க வாய் வரவில்லை.

"வாக்கு மாறுறியே. உங்கம்மாகிட்ட இனிமே எப்படிக் கண்ணு வாங்குறது?"

மே 23
டாக்டர் இன்று பெர்டாவிடம் வாங்கினார். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 6
சுல்மா அக்கா கதவைத் தட்டினாள். டாக்டர் அவளிடமே வந்துவிட்டாராம். ஆயிரத்தெண்ணூறுதான். கெச்சுவா மொழியில் ஒரு பக்கம் மட்டும் கொசுறாகக் கேட்டிருக்கிறார். அக்காவுக்குக் கெச்சுவா எழுத வராது. எனக்கு வரும்; வீட்டுப் பேச்சும் அதுதான், பள்ளியிலும் கற்றேன்.

"நீ எழுதித் தா. சும்மா வேணாம். எவ்வளவு கேப்பே?"

இருபது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இதுக்கு மத்தவங்க எவ்வளவு வாங்குறாங்கக்கா?" என்று கேட்டேன்.