நான் சேர்த்த குறுக்கு வழி

செவ்வாய், இரவு.

அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சந்து ஒன்றைப் போன வருடம் போன் மேப்பில் குறுக்கு வழியாகச் சேர்த்தது நான்தான். பிறகு ஃபிளாட்காரர்கள் நாங்கள் சேர்ந்து அதன் முனையில் சுவர் எழுப்பிவிட்டோம். மேப்பை மறந்தே போனேன்.

இன்று மாலை ஓர் ஆட்டோ அந்தச் சுவர்முன் வந்து நின்றது. உள்ளே நெஞ்சைப் பிடித்தபடி ஒரு பெரியவர்.

"மேப்புல ரோடு கீதுன்னு வந்தேன் சார். இங்க பாத்தா செவுரு கீது!" என்றார் ஆட்டோக்காரர்.

சுற்றுவழியைச் சொன்னேன். மேப்பில் சேர்த்தவன் நான் என்று சொல்லவில்லை. நேரத்துக்கு ஆஸ்பத்திரி போனார்களா, தெரியவில்லை.

அன்று சேர்த்த உடனே மேப்பிலிருந்து பதக்கப் படத்தோடு நன்றி வந்தது. இன்று ஏழு மணிக்கு அந்த வழியை நீக்கச் சொல்லி அனுப்பினேன். இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது.

சுவர்ப் பக்கம் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்கிறது.