செல்வம் அண்ணா நம்பாத சிவப்பு

புதன், இரவு.

எங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் செல்வம் அண்ணா வெள்ளிக்கிழமை மதுரைக்கே திரும்புகிறார். விசா முடிகிறது. துருவ ஒளியைப் பார்க்காமல் போகிறோமே என்பதுதான் அவருடைய ஒரே குறை. போன வாரம் நான் சும்மா இருந்திருக்கலாம். சூரியக் காற்றை அளக்கும் செயற்கைக்கோளின் இணையப் பக்கத்தைப் படம்பிடித்து, காந்தப்புல எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸைச் சேர்த்து அவருக்கு அனுப்பினேன். மைனஸ் என்றால் புலம் தெற்கே திரும்பியிருக்கிறது, வானம் சிவக்கலாம் என்று அர்த்தம். பாவம், கடற்கரையில் மூன்று மணி நேரம் குளிரில் நின்றார். அது துருவ ஒளி இல்லை, திருட்டு ஒளி.

இன்று நிஜமாகவே மைனஸ். ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன்.

"போடா டேய். ஒரு தடவை நடுங்கினது போதும்."

"உங்க லேப்டாப்லயே பாருங்கண்ணா. நான் தொடவே மாட்டேன்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பார்த்தார். எண் மாறும்வரை காத்திருந்து மறுபடியும் பார்த்தார். பிறகு கார் சாவியை எடுத்தார்.

"பொய்யா இருந்துச்சுன்னா, பக்குரங்கா வீட்டுக்கு நீ நடந்தேதான் வரணும்."

கடற்கரையில் வெறுங்கண்ணுக்குச் சாம்பல் மேகம்போலத்தான் தெரிந்தது. என் போனில் எடுத்த படத்தில் சிவப்பு. அவர் அதை நம்பவில்லை. தன் போனில் தானே எடுத்தார். அதிலும் சிவப்பு.

திரும்பும்போது கார் ஹீட்டரை என் பக்கம் திருப்பிவிட்டார்.