மந்திரியை ஓடவச்ச நடிகை

சங்கரி அப்பாவுக்கு நமஸ்காரம். மீனாட்சி புண்ணியத்துல இங்க சங்கரி வீட்டுல எல்லாரும் சௌக்கியம். உங்க முட்டிவலி தேவலையா?

நேத்து பேத்தி அதிதி ஸ்கூல்ல இங்கிலீஷ் நாடகம். இருநூறு வருஷத்துக்கு முந்தி லண்டன்ல இருந்த ஒரு நடிகையா வேஷம் கட்டினா. சங்கரிதான் தமிழ்ல சொன்னா. அப்போ பொம்பளைக்கு ஓட்டும் கிடையாதாம், சபையில பேச்சும் கிடையாதாம். மேடையில மட்டும் வாயத் தொறக்கலாமாம். அந்த நடிகை ராணி வேஷத்துல நின்னுக்கிட்டு, முன்னாடி உக்காந்திருந்த நெசமான மந்திரியப் பாத்து, "பசிச்சவனை ஜெயில்ல போடுறது நியாயமாய்யா?"ன்னு கேட்டுட்டாளாம். கொட்டகையே எந்திரிச்சுக் கத்த, மந்திரி பாதியில ஓடிட்டானாம். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத்தான் கசந்துச்சு.

போன வாரம் நான் போன்ல என்ன சொன்னேன்? "பகல்பூரா பேச ஆளில்ல. கார் இல்லாம கோயிலுக்குக்கூடப் போக முடியல. ஊருக்கு வந்துடுறேங்க"ன்னு அழுதேன். "நாடகம் போடாதடி, பேரனைப் பாத்துக்கிட்டு இரு"ன்னு போனை வச்சுட்டீங்க. அவ மேடையில நடிச்சதுக்கே ஒரு மந்திரி பயந்தான். நான் நெசமா அழுதது உங்களுக்கு நாடகம்.

போன்ல சொன்னா வச்சுடுவீங்கன்னுதான் எழுதுறேன். விபூதி தீந்துபோச்சு. அனுப்பாதீங்க. சங்கரிகிட்ட டிக்கெட் போடச் சொல்லிட்டேன், நானே வந்து வாங்கிக்கிறேன். பேரன் முழிச்சுட்டான்.

செண்பகவல்லி