தேன் சிர்கா

ஜூலை 10, வியாழன்

காலையிலேருந்து தூறல். துணி காயல. இவர் வெள்ளிமலை போய் ஒரு கூடை நாவல் பழம் கொண்டாந்தாரு. கழுவி, கொட்டை எடுத்து, அடுத்த சிர்காவுக்கு ஜாடியில போட்டாச்சு. விரலெல்லாம் ஊதா.

கரியாலூர் லாட்ஜ்காரர் போன். "வினிகர் மேடம்"னு கூப்டறார். சிர்கான்னா புரியல அவருக்கு. ஞாயித்துக்கிழமை சாப்ட வராராம். புடிச்சா அங்க சமையல்கட்டு எனக்கு.

காய்ச்சல் வந்து போனதுலேருந்து மூக்கு செத்துப்போச்சு, ஒரு வாசனையும் தெரியல. லாட்ஜ்காரருக்குத் தெரியாது. நாவல், அன்னாசித் தோல், நெல்லி, மலைத் தேன். பழைய ஜாடி நாலையும் திறந்து மோந்து பாத்தேன். நாலும் ஒரே எரிச்சல், அவ்ளோதான். டாக்டர் சொன்னது: "வரலாம். வராமலும் போலாம்."

ஜூலை 11, வெள்ளி

நாவல் சிர்கா கோழி, ஒத்திகை. அடுப்புகிட்டதான் நின்னுகினு இருந்தேன். ஷாஹின் மாடியிலேருந்து ஓடியாந்தா. "அம்மா, கருகுது! தெரியல உனக்கு?"

தெரியல.

இவர் ஜும்மா முடிச்சு வந்து சட்டியைப் பாத்தாரு. "விடு ஷம்மு. பொண்ணு மோந்து பாக்கட்டும், நீ செய்." நல்ல மனுசன். அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

வாங்கணும்: வெங்காயம், வெள்ளரிக்கா, மிளகு. கேஸ் சிலிண்டர் பதியணும்.

ஜூலை 12, சனி

ஷாஹினுக்கு இன்னிக்கும் காலேஜ் லீவு. கோழிக்கு, மீனுக்கு எல்லாம் அவதான் மூக்கு. "இன்னும் கொஞ்சம் ஊத்து... போதும்." பத்தொம்பது வயசுப் பொண்ணுகிட்ட என் கைப்பக்குவத்தைக் கேட்டுகினு நிக்கிறேன்.

தேன் சிர்காவை மட்டும் அவகிட்ட காட்டல. அது ஊத்தப்போறது வெள்ளரிக்கா வெங்காயப் பச்சடியிலதானே, அதுக்கு இன்னா. ஒண்ணாவது நானே செய்யணும்.

ஜூலை 13, ஞாயிறு

வந்தாரு. கோழி ரெண்டு தடவை போட்டுக்கினாரு. அன்னாசி சிர்கா மீன், "பிரமாதங்க." இவர் முகத்துல எவ்ளோ நாள் கழிச்சு சிரிப்பு.

"நாவலுக்கும் நெல்லிக்கும் வாசனையில இன்னா வித்தியாசம் மேடம்?" ஞாபகத்துலேருந்து சொன்னேன். நல்லாவே சொன்னேன்.

அப்புறம் பச்சடி. ஒரு வாய். தட்டை ஓரமா தள்ளினாரு. தேன் ஜாடியைக் கேட்டாரு, மோந்தாரு, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கினாரு.

"கெட்டுப்போச்சுங்களே இது. பெயின்ட் வாடை அடிக்குது. நீங்க மோந்து பாக்கலையா?"

மோந்து பாத்தேனே. ஜாடியை வாங்கி மூடினேன். இவர் குனிஞ்சுகினு உக்காந்திருந்தாரு. ஷாஹின் மட்டும் தன் பங்கு பச்சடியை ஒண்ணும் நடக்காத மாதிரி தின்னுகினே இருந்தா. கடைசி வெங்காயம் வரைக்கும்.

போவும்போது, "சொல்லி அனுப்புறேங்க."

ஜூலை 14, திங்கள்

வெயில். லாட்ஜ்காரர் இவருக்குப் போன் போட்டாரு. வேற ஆளு பாத்துட்டாராம். "சாப்பாட்டு விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னாராம். தப்பா எடுக்க இன்னா இருக்கு. சரிதானே.

ஷாஹினைக் கேட்டேன், ஏன்டி தின்னே. "நகப்பூச்சைக் குடிக்கிற மாதிரி இருந்துச்சும்மா. அவர் எதிர்ல நானும் தள்ளிவெச்சா நீ எப்டி..." காலையில வாந்தி எடுத்திருக்கா, என்கிட்ட சொல்லல.

சாயங்காலம் தலைக்குக் குளிச்சு, ஈர முடியோட வந்து மடியில படுத்தா. பொறந்த அன்னிலேருந்து எனக்குத் தெரிஞ்ச உச்சந்தலை. குனிஞ்சு மூக்கை வெச்சு இழுத்தேன். ஈரம் மட்டும்தான் பட்டுச்சு. திரும்பவும் இழுத்தேன்.

"இன்னாம்மா?"

ஒண்ணுமில்லடீன்னேன்.